அத்தான் கீறிய வட்டம்

நீர்வேலி,
18.10.1990

அன்புள்ள அத்தானுக்கு,

நலம். ஜேர்மனியில் உங்கள் நலம் எப்படியோ தெரியாது. தபால் ஒழுங்கில்லாததால் கொழும்புக்குப் போகும் ஒருவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். கதிரையில் இருந்துகொண்டு வாசியுங்கள்.

எங்கள் சுகிர்தா போய்விட்டாள். போன செவ்வாய்க்கிழமை காலை முகம் கழுவிக்கொண்டு நின்றபோது எங்கள் வீட்டு வளவுக்குள் ஷெல் விழுந்தது. குசினிக்குள் நின்ற எனக்கு ஒரு கீறலும் இல்லை.

ஆவணியில் ஹெலியிலிருந்து துண்டுப் பிரசுரம் போட்டார்கள். ஆமி முகாம் வேலியிலிருந்து ஒரு கிலோமீற்றருக்குள் இருப்பவர்கள் இடத்தை விட்டு எழும்ப வேண்டும் என்று இருந்தது. அதை ஓர் எழுத்தும் மாறாமல் உங்களுக்கு எழுதினேன். ஊரே வெளிக்கிட்டது. நாங்களும் இங்கே தம்பிராசா அண்ணை வீட்டுக்கு வந்தோம். ஒரு அறையில் ஒன்பது பேர். நெருக்கம்தான், ஆனாலும் உயிரோடு இருந்தோம்.

பிறகு உங்கள் கடிதம் வந்தது. "என்ரை பெண்சாதி பிள்ளை ஏன் மச்சான்ரை வீட்டிலை ஒட்டிக்கொண்டு கிடக்கவேணும்?" என்று கேட்டிருந்தீர்கள். நில அளவைக் கந்தோரில் பன்னிரண்டு வருடம் இருந்தவர் அல்லவா, வரைபடத்தில் கவராயத்தால் வட்டமும் கீறி அனுப்பினீர்கள். எங்கள் வீடு வட்டத்துக்குத் தொண்ணூறு மீற்றர் வெளியே நின்றது. உடனே திரும்பிப் போ என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தீர்கள். அண்ணை காலில் விழாத குறையாக மறித்தார். நீங்கள் என்னைக் கோழை என்று எழுதிவிடுவீர்களே என்று நான் கேட்கவில்லை.

பிள்ளைக்கு ஒரு கணக்கும் வைத்திருந்தீர்கள். ஆரை ஆயிரம் மீற்றர், மையக் கோணம் முப்பது பாகை, வில்லின் நீளம் என்ன? அவள் உடனே செய்தாள். முந்நூற்று அறுபதில் முப்பது, பன்னிரண்டில் ஒரு பங்கு. முழுப் பரிதியைப் பன்னிரண்டால் பிரித்தால் 524 மீற்றர். செய்து முடித்துவிட்டுப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "அம்மா, அப்பா ஆமிக் காம்புக்கு நடுவிலை ஊசியைக் குத்தியிருக்கிறார். காம்ப் ஒரு புள்ளியில்லையே. வேலியிலையிருந்து அளந்தால் எங்கடை வீடு நல்லா உள்ளுக்கு நிக்குது."

அப்பாவுக்குப் பிழை பிடிக்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டாயோ என்று கன்னத்தில் அறைந்தேன். அவள் அழவில்லை. புத்தகங்களைப் பையில் வைத்துக்கொண்டு என் பின்னால் வந்தாள். பதின்மூன்று வயதில் அவளுக்குப் புரிந்தது எங்கள் இரண்டு பேருக்கும் புரியவில்லை. எனக்கு உங்கள் மீது வெறுப்பாக இருக்கிறது. என் கையைப் பார்க்கவும் வெறுப்பாக இருக்கிறது.

ஷெல் ஓயாததால் சுடலைக்குக் கொண்டுபோக முடியவில்லை. அண்ணையும் இரண்டு பேரும் வந்து வளவு மூலையிலேயே எரித்தார்கள். சாம்பல் அள்ளிக் காடாற்றப் போகவும் வழியில்லை. முகாம் பெருத்து, எங்கள் வளவு இப்போது முட்கம்பிக்கு உள்ளே இருக்கிறது.

அவள் கணக்குச் செய்த தாளை இதோடு வைத்திருக்கிறேன். சரியா என்று பாருங்கள்.

அத்தான், நீங்கள் வர வேண்டாம். குடித்துக் கிடக்கவும் வேண்டாம், சாக நினைக்கவும் வேண்டாம். நூறு வயது வரை, நல்ல ஞாபகத்தோடு நீங்கள் இருக்க வேண்டும். பிள்ளையாரிடம் தினமும் அதைத்தான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
அருந்ததி