நோவே இல்லாத ஊர்

இன்று காலை பஸ்ஸை விட்டு இறங்கியதுமே பினாயில் வாசம் மூக்கில் ஏறியது, மாப்ள. நம் ஊர் ஆஸ்பத்திரியில் எலிகளும் கம்பவுண்டரும் மட்டும் குடியிருக்கத் தொடங்கி வருஷக்கணக்காகிவிட்டது. அங்கே பினாயில் ஊற்றினால் அதற்குக் காரணம் ஒன்றுதான். நீ இருந்திருந்தால் எதிரே உன் சைக்கிள் கடைக்குள்ளிருந்தே கத்தியிருப்பாய்: "டேய், எவனோ பெரிய ஆளு வர்றான்டா. என்னாத்துக்கு வர்றான்னு மொதல்ல கேளு."

கேட்டேன். கிராமங்களுக்கெல்லாம் டாக்டர் போடும் புதுத் திட்டமாம். எந்த ஊருக்கு டாக்டர் தேவை என்று பார்த்துப்போக ஓர் அதிகாரி இன்றைக்கு வருகிறாராம். கம்பவுண்டர் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் சிரித்தால் எனக்குச் சந்தேகம் வருகிறது. உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்ட குணம், போகமாட்டேன் என்கிறது.

நீ எதைத்தான் நம்பினாய்? கம்பவுண்டர் கொடுத்த மருந்து மிக்சர் பாட்டிலை வெயிலில் தூக்கிப் பிடித்து, "பாதி கெணத்துத் தண்ணிடா இது" என்பாய். ஓட்டுக் கேட்டு வருகிறவர் கும்பிட்டால், கும்பிட்ட கையை விட்டுவிட்டு அவர் வந்த காரைப் பார்ப்பாய். மாதா கோயில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியாரின் பிரசங்கத்தைக்கூட ஒரு காதால்தான் கேட்பாய்.

ஆனால் அந்த டாக்டரை நம்பினாய். அறுபதுகளின் கடைசியில் நமக்கு வாய்த்தவர். சின்ன வயசு, தெற்கத்திக்காரர். பகலில் ஆஸ்பத்திரியில் பார்ப்பார், சாயங்காலம் பின்னாலிருந்த தன் வீட்டில் பார்ப்பார். வீட்டுக்குப் போனால் வெறுங்கையோடு போகக்கூடாது என்பது ஊர் தானாக வைத்துக்கொண்ட வழக்கம். காசுள்ளவர் காசு கொடுப்பார், இல்லாதவர் வேர்க்கடலையோ கேழ்வரகோ கொண்டுபோவார். அவர் கேட்டதில்லை, வேண்டாமென்று சொன்னதும் இல்லை. இளைப்பு முற்றிய ஒரு விடியற்காலையில் உன்னைச் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். பனியனோடு வெளியே வந்து ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் உன் நெஞ்சில் விசில் அடங்கியது. "இவன் இருக்கற வரைக்கும் நான் சாவ மாட்டன்டா" என்றாய். நீ ஒரு மனிதரை முழுசாக நம்பி நான் பார்த்தது அப்போதுதான்.

அப்புறம் அந்தப் பேச்சு கிளம்பியது. சர்க்கார் டாக்டர் வீட்டில் வைத்துக் காசு வாங்கி வைத்தியம் பார்க்கக் கூடாது, எல்லாம் ஆஸ்பத்திரியிலேயே இலவசம் என்று உத்தரவு வரப்போகிறதாம். கடத்தூர்ச் சந்தையில் எல்லோரும் நல்லது என்றார்கள். கடைக்கு வந்து நான் சொன்னதும், நீ மட்டும் கையிலிருந்த சைக்கிள் ட்யூபைக் கீழே போட்டாய். "நல்லதுன்னு சொல்லித்தான்டா எதையும் புடுங்குவானுங்க. வரும்படிய நிறுத்திட்டா இந்தக் காட்டுல எந்த டாக்டர் இருப்பான்?" நீ கேட்டது எனக்கும் நியாயமாகப் பட்டது.

ஒருநாள் சாயங்காலம் பினாயில் வாசம் வந்தது. மறுநாள் ஜீப் வரப்போகிறது, டாக்டரைப் பிடிக்கத்தான் வருகிறார்கள் என்று நீயே முடிவு கட்டிவிட்டாய். விடிந்ததும் வீடு வீடாகப் போனாய். "டாக்டர் வூட்டுக்கு யாரும் போறதில்ல. யாரு கேட்டாலும் இதேதான் சொல்லணும்." அதோடு விட்டாயா? ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் காய்ச்சலோடு உட்கார்ந்திருந்தவர்களையும், "நாளைக்கு வாங்க, இன்னிக்கு வாயக் கெளறுவானுங்க" என்று எழுப்பி அனுப்பினாய். ஒரு பிள்ளைத்தாய்ச்சி உன்னைத் திட்டிக்கொண்டே போனாள்.

அதிகாரி வந்தபோது தாழ்வாரம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. டாக்டர் வீட்டில் வைத்தியம் பார்க்கிறாரா என்று கேட்டார்.

"அந்தப் பக்கமே யாரும் போறதில்லீங்க" என்றாய்.

"அப்ப ஆஸ்பத்திரிக்கு வர்றீங்களா?"

அதிலும் ஏதோ பொறி இருப்பதாக உனக்குத் தோன்றிவிட்டது. "இங்கியும் வர்றதில்லீங்க. எங்கூருல நோவே இல்லீங்க."

சொல்லிவிட்டு வாயை இறுக்கி மூடிக்கொண்டாய். உனக்கு இருமல் முட்டிக்கொண்டு வந்தது எனக்குத் தெரியும். கழுத்து நரம்பு புடைக்க, கண்ணில் தண்ணீர் தளும்ப, ஜீப் போய் மறையும்வரை அடக்கிக்கொண்டு நின்றாய். டாக்டர் அறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு நீ கடை வாசலில் குந்தி இருமித் தள்ளினாய். நடுவில் ஒரு சிரிப்பு வேறு: "காப்பாத்திட்டம்டா!"

அடுத்த மாதமே அவரை மாற்றிவிட்டார்கள். நோயாளியே வராத ஊருக்கு டாக்டர் எதற்கு என்றார்களாம்.

இதை எத்தனையோ விதமாகப் புரட்டிப் பார்த்துவிட்டேன். நீ சொன்னதை நம்பித்தான் மாற்றினார்களா, முன்பே முடிவு செய்துவிட்டு நம் வாயாலேயே சொல்ல வைத்தார்களா? டாக்டர் ஏன் பேசவில்லை? வரும்படி போகும் என்றதும் அவரே கிளம்ப வழி தேடினாரா? சாமானை லாரியில் ஏற்றும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்த அழுகையைக்கூட என்னால் இன்னும் முழுசாக நம்ப முடியவில்லை. அந்த உத்தரவு கடைசியில் வந்ததா என்பதே எனக்குச் சரியாகத் தெரியாது. டாக்டர் போனார், வேறொருவர் வரவில்லை. அது மட்டும்தான் தெரியும்.

இரண்டு மழைக்காலம் தாக்குப்பிடித்தாய். அதற்கடுத்த மழையில், தருமபுரி ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்தபடி வந்தாய். "இந்த டிரைவரு வேணும்னே மெதுவா ஓட்டறான்டா" என்றாய். அதுதான் உன் கடைசிச் சந்தேகம். பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் விசில் நின்றுவிட்டது. உன்மேல் எனக்கு அவ்வளவு கோபம், மாப்ள. கல்லறையில் உன்மேல் மண் போடும்போதும் அது போகவில்லை.

இன்றைக்கு ஜீப் வருவதற்கு முன்பே நானும் வீடு வீடாகப் போனேன். முழங்கால் வலி, பல்வலி, போன வருஷத்துக் காய்ச்சல், எது இருந்தாலும் வந்து உட்காருங்கள் என்றேன். தாழ்வாரம் நிரம்பி வேப்பமரம்வரை ஆட்கள். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"இத்தனை பேருக்குமா உடம்பு சரியில்லை?"

"ஊரே நோவுதானுங்க" என்றேன்.

அவர் என்னை நம்பவில்லை. நானும் அவரை நம்பவில்லை. "உங்களுக்கு என்ன?" என்று கேட்டார்.

எனக்கு ஒன்றுமில்லை. கல்லு மாதிரி இருக்கிறேன். ஆனாலும் மார்பைப் பிடித்துக்கொண்டு இருமினேன். நடிப்பாகத்தான் ஆரம்பித்தேன், பிறகு நிறுத்த முடியவில்லை. நீ அன்றைக்கு அதே இடத்தில் அடக்கிக்கொண்டு நின்றாயே, அந்த இருமலையெல்லாம் கண்ணில் தண்ணீர் வழிய அவர் முகத்துக்கு நேரே இருமினேன், மாப்ள.