விரிசல்மேல் ஒட்டிய கண்ணாடி

அன்புள்ள அப்பா,

முழங்கால் வலி தேவலையா? நான் சுகம். போனில் பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் எழுதுகிறேன்.

திருநின்றவூர்த் தோப்பில் பழைய ஜமீன் பங்களாவை அளந்து பழுதுபார்க்கிறோம் அல்லவா, அங்கே சுவர் விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டிவைப்போம். சுவர் அசைந்தால் அது உடையும். நேற்று ஒன்று உடைந்திருந்தது. குரங்கு வேலை என்று நினைத்து வேறொன்று ஒட்டினேன். காய்ந்ததும் பார்க்கப் போனால், என் கண்ணெதிரிலேயே டக்கென்று உடைந்தது. அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

“இன்னா மேடம், நின்னுகினு கீறே? வெளிய வா!” என்று வாட்ச்மேன் உத்தமன் கையைப் பிடித்து இழுத்தார். பிறகு கொஞ்சம் காரை விழுந்தது, அவ்வளவுதான். பயப்படாதீர்கள்.

தம்பி மோகன் இந்தப் பக்கம் வந்தால் உங்கள் ரேடியோவைக் கொடுத்தனுப்புங்கள். பாட்டுக்கு இல்லை, அறை அமைதியாக இருந்தால் அந்த டக் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

அறைக்குத் திரும்பும் ரயிலுக்கு நேரமாகிவிட்டது. நாளை உள்ளே போய் மறுபடி ஒட்ட வேண்டியது நான்தான். இதை அம்மாவிடம் காட்டாதீர்கள்.

என் வாடகை அறைச் சுவரிலும் ஒரு கீறல். வெறும் சுண்ணாம்புக் கீறல்தான், எனக்கே தெரியும். அதன்மேலும் ஒரு கண்ணாடி ஒட்டியிருக்கிறேன்.

வடிவு