டோரோவிலிருந்து வந்த பாட்டில்

டோரோ, ஸ்பெயின்
5-11-1987

அன்புள்ள அப்பாவுக்கு,

கப்பல் வேலையை விட்டு ஒயின் தயாரிக்கும் ஆலையில் சேர்ந்தது உங்களுக்குப் பிடிக்கவில்லை என்று தெரியும். இருந்தாலும் லீவில் ஊருக்கு வரும் என் கப்பல் நண்பன் குணசேகரனிடம் ஒரு பாட்டில் கொடுத்தனுப்புகிறேன். பீப்பாய்களை நானே பொறுப்பேற்றுப் பார்த்த முதல் ஒயின். முரட்டுச் சரக்கு. இப்போது குடித்தால் நாக்கைக் கவ்விப்பிடிக்கும். ஐந்து வருஷம் படுக்கவைத்தே வையுங்கள், தக்கை ஈரமாக இருக்க வேண்டும். சூடு, வெளிச்சம், அதிர்வு எதுவும் ஆகாது.

உங்கள் மகன்,
செபாஸ்டியன்

ஆவடி
20-1-1988

அன்பு மகன் செபாஸ்டியனுக்கு,

மாதா துணையால் எல்லோரும் சுகம். பாட்டில் உடையாமல் வந்தது. சூடு ஆகாது என்று ஆவடிக்கு எழுதுகிறாயே, உனக்கே நியாயமா? குளியலறை மூலையில் மண்தொட்டி வைத்து, ஈரமணல் கொட்டி, அதில் படுக்கவைத்திருக்கிறேன். ஃபேக்டரியில் டாங்கியை ஓட்டிப் பார்க்கும்போது குவார்ட்டர்ஸில் பாத்திரமெல்லாம் ஆடும். அதனால் சாக்கிலும் சுற்றினேன். நான் குடிப்பதில்லை என்பது உனக்குத் தெரியும்.

அப்பா,
சத்தியராஜ்

டோரோ
2-12-1992

அன்புள்ள அப்பாவுக்கு,

தங்கச்சி தெரசா கல்யாணத்துக்கு வர லீவு கிடைக்கவில்லை. அன்றைக்கு அந்த பாட்டிலைத் திறங்கள். ஒரு மணி நேரம் முன்பே திறந்துவையுங்கள்.

ஒன்று கேட்கிறேன். யார் விசாரித்தாலும் நான் "ஏதோ கம்பெனியில்" இருப்பதாகச் சொல்கிறீர்களாம், தெரசா எழுதினாள். மனம் வலித்தது. ஒரே ஒரு வாய் குடித்துப் பாருங்கள். மறுத்தால் என் பிழைப்பு உங்களுக்கு அவமானம் என்றே எடுத்துக்கொள்வேன். பிறகு கடிதம் எழுதித் தொந்தரவு செய்ய மாட்டேன்.

செபாஸ்டியன்

ஆவடி
18-1-1993

அன்பு மகனுக்கு,

கல்யாணம் நல்லபடி முடிந்தது. சாப்பாட்டுக்கு முன்னால் பாட்டிலைத் தூக்கிக்காட்டி, "இது எம் புள்ள செஞ்சது. ஸ்பெயின்ல ஒயின் ஆலைல கீறான்" என்று பங்குச் சாமியாரில் இருந்து என் ஃபோர்மேன் வரைக்கும் கேட்கச் சொன்னேன். கம்பெனி என்று சொன்னது என் வறட்டுக் கௌரவம். அது போயிற்று.

ஆளுக்கு ஒரு வாய்தான் வந்தது. சம்பந்தி இன்னொரு பாட்டில் உண்டா என்று கேட்டார். உன் அம்மா முகத்தைச் சுளித்து விழுங்கிவிட்டு, "அப்டியே உங்க புள்ளதான். திமிரு இன்னும் அடங்கல" என்றாள். ஆனால் டம்ளரைக் கீழே வைக்கவில்லை.

நான் குடிக்கவில்லை. கோபப்படாமல் படி. உன் மூன்றாவது வயதில் மூளைக்காய்ச்சல் வந்து டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். அப்போது நான் தினமும் குடிப்பவன். பிள்ளையைக் கொடு, இனி என் நாக்கில் ஒரு சொட்டு படாது என்று வேளாங்கண்ணி மாதாவிடம் நேர்ந்துகொண்டேன். நீ பிழைத்தாய். உன் மேல் அந்தப் பாரம் ஏறக்கூடாது என்று அம்மாவையும் சொல்லவிடவில்லை.

நேர்ந்துகொண்டது நாக்குக்குத்தான். எல்லோரும் போன பிறகு என் பங்கு டம்ளரை மூக்கருகே வைத்துக்கொண்டேன். நாவல்பழ வாசனை, பிறகு புகையிலை, அதற்கும் கீழே நனைந்த மரம். எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. பெருமையாக இருந்தது, மகனே.

அப்பா,
சத்தியராஜ்