நாளைக்கான நிய்யத்

கோவில்பட்டி
நோன்பு, நடுப் பத்து

அன்பு மகள் சாஜிதாவுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் வாப்பாவும் உன் அண்ணன் வாசிமும் சுகமாக நோன்பு வைத்து வருகிறோம், பெண்பிள்ளைகளுக்குக் கால்பந்து பழக்கப் போன நீ அந்த ஜார்க்கண்டில் விடியுமுன் சஹருக்கு எழுந்து ஒரு வாய் சூடாகச் சாப்பிடுகிறாயா என்பதுதான் என் கவலை. போனில் பேசினால் அழுதுவிடுவேன், வாப்பாவுக்குத் தெரிந்துபோகும், அதனால்தான் கடிதம். இங்கே மாசியிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது, ஊருக்கு வெளியே கரிசல் இப்போதே வெடிப்பு விட்டுக் கிடக்கிறது. வாசிம் கஞ்சிக்கு உன் பங்கு வடையையும் சேர்த்துத் தின்று வயிறு வளர்க்கிறான்.

போன வாரம் நீ பேசினதை நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. "பிள்ளைக பாதிப் பேரு நின்னுட்டாளுவ உம்மா, இருக்கவளுவளும் எல்லா மேட்ச்சும் தோக்குதாளுவ, எனக்கும் முந்தி இருந்த வேகம் இல்ல, அப்போ அது நெசமான ஆசையே இல்ல போல, பெருநாளோட விட்டுட்டு வந்துருதேன்" என்றாய். பெற்றவள் தைரியம் சொல்ல வேண்டும், நான் சொன்னேனா? போனை வைத்த கையோடு உன் கட்டிலில் வாப்பா அடுக்கியிருந்த பாத்திரக்கடைப் பெட்டிகளை எல்லாம் இறக்க வைத்துவிட்டேன். "யாரு வாரா" என்று வாப்பா கேட்டதற்கு மூட்டைப்பூச்சி என்று சொல்லிச் சமாளித்தேன். உன்னைப் பார்க்காமல் எனக்கு முடியவில்லை சாஜிதா, நீ வந்துவிடுகிறேன் என்றதும் எனக்குச் சந்தோஷம்தான், அதை மறைக்க மாட்டேன்.

நேற்று சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு என் போனுக்கு ஓர் அழைப்பு. ஒரு பெண்பிள்ளை இந்தியில் படபடவென்று பேசுகிறாள், எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மும்பையில் வேலை பார்த்தவனாயிற்றே என்று வாசிமிடம் கொடுத்தேன். உன் டீமில் கோல்கீப்பராம், போன லீவில் நீ என் போனிலிருந்து அவளோடு பேசியிருக்கிறாய், அந்த நம்பரை வைத்திருக்கிறாள். நீ கொஞ்ச நாளாக மைதானத்துக்கு வரவில்லை, போனும் எடுப்பதில்லை என்று பயந்து கேட்டிருக்கிறாள். பிறகு வாசிம் என்னிடம், "மிஸ் வராட்டியும் நாங்க காலைல ஓடிக்கிட்டுதான் இருக்கோம், நாளைக்கு என்ன பயிற்சின்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்கன்னு சொல்லுதா உம்மா" என்றான். சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான். ஜிம்மில் சேர்ந்ததை ஊரெல்லாம் ஸ்டேட்டஸ் போட்டுவிட்டு ஒரே வாரத்தில் நின்றவன், அவனுக்கே உறைத்துவிட்டது.

ராத்திரி தொழுதுவிட்டு, மனசில் உறுதி வைத்து நிய்யத் சொல்லும்போது உன் நினைப்புத்தான். மாதம் முழுதுக்கும் சேர்த்து முதல் பிறையிலேயே நிய்யத் வைத்துவிட்டா இருக்கிறோம், நாளைய நோன்புக்கு என்று தினம் தினம்தானே வைக்கிறோம். முதல் பத்து நாளில் பள்ளிவாசலில் செருப்பு விட இடமில்லை, இப்போது பின்வரிசைகளைக் காணோம், எல்லாரும் ஜவுளிக்கடையில் நிற்கிறார்கள் என்று வாப்பா சிரிக்கிறார்கள். முதல் நாள் உற்சாகம் போய்விட்டால் வைத்த நோன்பு பொய்யாகிவிடுமா? எனக்கும் பாதி நாள் நாக்கு வறண்டு, எரிச்சலோடுதான் வாயில் நிய்யத் வருகிறது, ஆனாலும் மறுநாள் நோன்பு நோன்பாகத்தான் இருக்கிறது. ஆசை இன்னும் இருக்கிறதா என்று பொழுதன்றைக்கும் தொட்டுத் தொட்டுப் பார்க்காதே, அது கண்ணுக்குத் தெரியாது. நாளைக்கு என்ன பயிற்சி என்று அந்தப் பிள்ளைக்குச் சொல், அது போதும். போகாதே என்று நான் அத்தனை மன்றாடியும் கேட்காமல் போனவள் நீ. என் பேச்சுக்கு நிற்காதவள், என் ஏக்கத்துக்காகத் திரும்பி வரவும் வேண்டாம்.

பிள்ளைகளுக்குக் கடலைமிட்டாய் பார்சல் போட்டிருக்கிறேன், தோற்றவளுக்கும் சேர்த்துக் கொடு. குளிரில் தலை நனையக் குளிக்காதே. அல்லாஹ் உன் காலுக்கும் மனசுக்கும் பலம் தரட்டும், வாப்பாவின் துஆவும் என் துஆவும் எந்நேரமும் உன்னோடு உண்டு. பெருநாளுக்குக் கட்டாயம் வா. ஆனால் திரும்பிப் போகிற டிக்கெட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வா, மறந்துவிடாதே. உம்மாதான் இவ்வளவு புத்தி எழுதியிருக்கிறாளே என்று நம்பிச் சும்மா வந்துவிடாதே மகளே, உன் முகத்தைப் பார்த்துவிட்டால் நான் உன்னை விட மாட்டேன்.

இப்படிக்கு,
உன் உம்மா
பக்ருன்னிசா