கதவுக்குப் பின்னால் சுமையா

ஏப்ரல் 21, திங்கள்

ஓடைப்பட்டியிலிருந்து வந்த திராட்சையில் பாதி வெடிப்பு. நேற்றைய மழை. நல்லதைப் பிரித்து அடுக்கி, கோட்டயம் வண்டியில் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தால் ஷர்மின் பேங்குக்குக் கிளம்பி நிற்கிறாள். "இன்னைக்கும் வெளிக்கிப் போகலங்க" என்றாள். மகளைத்தான் சொல்கிறாள்.

சுமையாவுக்கு இரண்டரை வயது தாண்டிவிட்டது. ஜூனில் பிளே ஸ்கூல். டயப்பர் போட்ட பிள்ளையைச் சேர்க்க மாட்டோம் என்று சொன்னதால், இந்த மாதத் தொடக்கத்தில் டயப்பரை நிறுத்தினோம். ஒன்றுக்குப் போக உடனே பழகிக்கொண்டாள். இரண்டுக்குத்தான் தகராறு. போன வாரம் ஒருநாள் கல் மாதிரி போய், அலறிவிட்டாள். அதிலிருந்துதான் இப்படி.

ஏப்ரல் 24

படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் போய் நிற்கிறாள். கால் இரண்டையும் பின்னிக்கொண்டு, நுனிவிரலில் எக்கி, கதவைப் பிடித்துக்கொண்டு. முகம் சிவந்து, கண்ணில் நீர். "முக்குறா பாவம்" என்றேன். "முக்கும்மா, இன்னும் கொஞ்சம்" என்று பக்கத்தில் உட்கார்ந்து நானும் சேர்ந்து முக்கினேன். ஒன்றும் வரவில்லை. சிறிது நேரத்தில் எதுவுமே நடக்காததுபோல் விளையாடப் போய்விட்டாள்.

வாழைப்பழம் கொடுத்தோம். ஊறவைத்த உலர்திராட்சையைப் பிழிந்து கொடுத்தோம். பாதியைத் துப்பிவிட்டாள். சோறு இறங்கவில்லை. பால் மட்டும்தான் கேட்கிறாள். அதையாவது குடிக்கட்டுமே என்று பாட்டிலை நிரப்பி நிரப்பிக் கொடுக்கிறோம்.

ஏப்ரல் 27, ஞாயிறு

எழுதவே பிடிக்கவில்லை.

உத்தமபாளையத்திலிருந்து என் அக்கா சாபிரா வந்திருந்தது. பிள்ளையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இப்படி ஊதிக் கெடக்கு, பாத்துக்கிட்டா இருக்கீக? சோப்பக் கொண்டா" என்றது. சோப்பைச் சீவிப் பிள்ளைக்குப் பின்பக்கம் வைப்பார்களே, அது. அக்கா மூன்று பிள்ளை வளர்த்தது. ஷர்மினுக்கு மனசில்லை, ஆனால் வேறு வழியும் தெரியவில்லை. அக்கா வைத்தது. காலைப் பிடித்தது நான்.

என்னா கத்து கத்திருச்சு புள்ள. உடம்பு முழுக்க வெறச்சுப் போச்சு. "அத்தா வேணாம், அத்தா வேணாம்"னு என்னையத்தான் பாத்துக் கத்துனா. அக்காவ இல்ல. அம்மாவ இல்ல. என்னைய.

வந்தது. கெட்டியாக, அதன்மேல் கோடு போட்டதுபோல் ரத்தம். "அவ்வளவுதான், சரியாப் போச்சு" என்று அக்கா கை கழுவப் போய்விட்டது. நான் தூக்கப் போனேன். சுமையா ஷர்மினின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

மே 1

கட்டிலுக்கு அடியில் போய் ஒளிகிறாள். குளிப்பாட்ட அவள் சட்டையை நான் கழற்றினாலும் ஒளிகிறாள். கை கழுவிவிட்டு வந்தாலும் ஒளிகிறாள்.

மே 6

இப்போது ஜட்டியில் கறை. தண்ணியாக, நாற்றத்தோடு, அடிக்கடி. நேற்று தொழுகை விரிப்பிலும். வயிற்றால் போகிறது என்று பழத்தையெல்லாம் நிறுத்திவிட்டு கஞ்சி கொடுத்தோம். ஷர்மின் பேங்க் அலுப்பில் ஒரு அதட்டு அதட்டிவிட்டாள்: "சொல்லத் தெரியாதா ஒனக்கு? இவ்வளவு பெரிய புள்ள!" சுமையா குனிந்து தன் ஜட்டியையே பார்த்தாள். அது எப்படி வந்தது என்று அவளுக்குமே தெரியவில்லை என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை.

கல்லாகப் போன பிள்ளைக்கு எப்படித் திடீரென்று தண்ணியாகப் போகும்?

மே 9, வெள்ளி

எங்கள் ஊர் கம்பத்திலேயே குழந்தை டாக்டர் ஜெபாவிடம் கூட்டிக்கொண்டு போனோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சுமையாவை ஷர்மினின் மடியிலேயே சாயவைத்து வயிற்றை மெல்ல அழுத்தினார்கள். பிறகு என் விரலைப் பிடித்து அடிவயிற்றின் இடது பக்கம் வைத்தார்கள். சின்ன உருளைக்கிழங்கு போல ஏதோ உருண்டது.

"இது வயித்தாலப் போறது இல்ல. உள்ள கெட்டியா அடைச்சு நிக்குது. அதச் சுத்தித் தண்ணியா ஒழுகுது. அவளுக்குத் தெரியாமலே வருது. அதுக்காகத் திட்டாதீங்க."

ஷர்மின் பிள்ளையின் சட்டையைக் கீழே இழுத்துவிட்டாள்.

கதவுக்குப் பின்னால் நின்று முக்குவதைச் சொன்னேன். டாக்டர் தலையாட்டினார்கள். "அவ முக்கல சார். அடக்குறா. காலப் பின்னுறது, எக்கி நிக்கிறது எல்லாம் வெளிய விடாம இருக்கத்தான். ஒரு தடவ போயி வலிச்சிருக்கு. இனிமே போகவே கூடாதுன்னு முடிவு பண்ணிட்டா. ரெண்டர வயசுக்கு அது சரியான முடிவுதான?"

நான் அவளோடு சேர்ந்து முக்கினேனே என்று நினைத்துக்கொண்டேன்.

சோப்பைப் பற்றியும் சொன்னோம். டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்கள். சுமையாவிடம் குனிந்து, "இனி அங்க யாரும் கை வைக்க மாட்டாங்க. நான் சொல்லிட்டேன்" என்றார்கள். சுமையா திரும்பி, நான் அதைக் கேட்டேனா என்று பார்த்தாள்.

தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் பொடி. முதலில் சில நாள் அதிகமாக, உள்ளே நிற்பதெல்லாம் கரைந்து வரும்வரை. பிறகு குறைத்து, மாதக்கணக்கில். பால் பாட்டிலை விட்டுவிட்டு டம்ளரில், காலை ஒன்று, மாலை ஒன்று. தண்ணீர், கீரை, பருப்பு, கொய்யா, பப்பாளி. கழிப்பறைப் பழக்கமெல்லாம் இப்போது வேண்டாம், டயப்பரே போடுங்கள் என்றார்கள். "வலிக்காதுன்னு அவளுக்கே நம்பிக்கை வரணும். நம்ம சொல்லி வராது."

மே 10

டயப்பர் பாக்கெட்டைப் பார்த்ததும் சுமையா அதை வாங்கிக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். ஷர்மின் பிளே ஸ்கூலுக்குப் போன் செய்து, இந்த வருஷம் இல்லை என்று சொல்லிவிட்டாள். போனை வைத்துவிட்டு, "நம்ம அவசரந்தாங்க புள்ளைய இப்படிப் பண்ணிருச்சு" என்றாள்.

மே 13

நாள் முழுக்க வீடு நாறியது. எங்களுக்கு அத்தர் பூசியது போல் இருந்தது.

மே 25, ஞாயிறு

தினமும் போகிறாள். களிபோல, அழுகையில்லாமல், கதவுக்குப் பின்னால் நின்றபடி டயப்பரில். சோறு கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாள். முருங்கைக்கீரையைப் பருப்போடு மசித்துக் கொடுத்தால் இறங்குகிறது. ஆனால் கழுவிவிட நான் போகக்கூடாது. ஷர்மின் குளித்துக்கொண்டிருந்தால், அவள் வரும்வரை அப்படியே நிற்பாள்.

ஜூன் 7, சனி

பெருநாள். அக்கா குடும்பத்தோடு வந்திருந்தது. பொடியைப் பார்த்துவிட்டு, "இன்னுமா குடுக்குறீக? பழகிருச்சுன்னா பெறகு அது இல்லாம கொடல் வேலையே செய்யாது. அதான் நல்லாப் போறாள்ல" என்றது. எங்களுக்கும் உள்ளே அந்தப் பயம் இருந்தது. நானும் ஷர்மினும் பேசி, நிறுத்திப் பார்ப்போம் என்று முடிவு செய்தோம்.

ஜூன் 16

பொடி இல்லாமலே சரியாகத்தான் போகிறாள். அக்கா சொன்னது சரிதானோ?

ஜூன் 24, செவ்வாய்

சரியில்லை. மறுபடி கதவு. மறுபடி நுனிவிரல். நான் அந்தப் பக்கம் போனதும் "போ! அங்கன போ!" என்று கத்தினாள்.

ஜூன் 26

டாக்டரிடம் தலையைக் குனிந்துகொண்டுதான் போனேன். "எல்லாரும் நடுவுல நிறுத்துறதுதான்" என்றார்கள். திட்டுவார்கள் என்று எதிர்பார்த்த எனக்கு அதுவே போதும்போல் இருந்தது. "கை ஒடஞ்சு மாவுக்கட்டுப் போட்டா, வலி நின்னதும் பிரிச்சிருவீங்களா? அடைச்சு அடைச்சு விரிஞ்ச குடல் பழையபடி சுருங்க மாசக்கணக்காகும். பயம் போக அதுக்கு மேலயும் ஆகும். இந்தப் பொடிக்குக் குடல் அடிமையாகாது. நிறுத்துறத நான் சொல்றேன்."

வெளியே வந்ததும் நானே அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். அக்கா முழுசாகக் கேட்டுக்கொண்டது. பிறகு, "நான் நல்லதுக்குத்தான்டா சொன்னேன்" என்றது. தெரியும்க்கா என்றேன். உண்மையிலேயே தெரியும்.

ஜூலை 20, ஞாயிறு

இப்போது பாத்ரூமுக்குள் வந்து, டயப்பரோடு நிற்கிறாள். டாக்டர் சொன்ன அடுத்த படி இது. கதவு திறந்தே இருக்கவேண்டும். நான் கூடத்தில் இருக்கலாம், திரும்பிப் பார்க்கக்கூடாது. இது அவள் போட்ட சட்டம்.

ஆகஸ்ட் 15

வெஸ்டர்ன் டாய்லெட்டில் பிள்ளைகளுக்கான சின்ன சீட்டைப் போட்டோம், டயப்பரோடு உட்கார்ந்தாள். கால் தரைக்கு எட்டாமல் ஆடியது. முட்டி இடுப்புக்கு மேலே இருக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்கள். திராட்சைப் பெட்டி ஒன்றைக் குறுக்கே அறுத்து, பிசிறைத் தேய்த்து, கவிழ்த்துப் போட்டேன். ஏறிக் குதித்துப் பார்த்துவிட்டுக் காலை வைத்துக்கொண்டாள். காலைச் சாப்பாடு முடிந்ததும் ஒரு தடவை, இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஒரு தடவை. வந்தால் வரட்டும், வராவிட்டால் எழுந்து ஓடட்டும்.

ஊதினால் வயிறு தானாக அழுத்தும் என்பதால் ஊதல் வாங்கிக் கொடுத்தேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் காதைப் பொத்திக்கொள்கிறார்கள்.

செப்டம்பர் 8

டயப்பர் இல்லாமல் போனாள். நான் திராட்சை லோடில் இருந்தேன். ஷர்மின் போனில் படம் அனுப்பியிருந்தாள். சுமையாவின் படம் இல்லை. அதைத் திறந்து பார்த்துச் சிரித்துவிட்டேன். வண்டி டிரைவர் எட்டிப் பார்த்து, "என்னண்ணே படம்?" என்றான். ஒண்ணுமில்லப்பா என்று பையில் போட்டுக்கொண்டேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

பொடியைப் பாதியாகக் குறைத்தாகிவிட்டது. டாக்டர் சொல்லித்தான்.

ஷர்மினுக்குக் காய்ச்சல். சுமையா பாத்ரூமிலிருந்து கூப்பிட்டாள், அம்மா எழவில்லை. நான் வாசலில் போய் நின்றேன். யோசித்தாள். "தண்ணி மட்டும் ஊத்து" என்றாள். ஊற்றினேன். அவளே கழுவிக்கொண்டாள், அரைகுறையாக.

நவம்பர் 9, ஞாயிறு

அக்கா மகள் நிக்காஹ், உத்தமபாளையத்தில். மண்டபத்தில் நல்ல கூட்டம். பந்தியில் இடம் கிடைத்து, இலை போட்டு உட்கார்ந்தோம். சுமையா என் சட்டையை இழுத்தாள். "அத்தா, ரெண்டுக்கு வருது."

ஷர்மின் பெண்கள் பக்கம் எங்கேயோ. அக்கா வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டேன், இல்லை என்றாள். தூக்கிக்கொண்டு ஓடினேன். மண்டபத்துக் கழிப்பறை, தரையில் உட்காருவது. அவளுக்குப் பழக்கமில்லாதது. இங்கன முடியாதுன்னு அழப்போறா என்று நினைத்தேன். சுற்றிப் பார்த்தாள். என்னைக் கீழே உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தேன். இரண்டு கையாலும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, என் முகத்துக்கு நேராகக் குந்திக்கொண்டாள். அவளுடைய புது மருதாணியின் வாசனை, அதோடு மற்ற வாசனை. வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். "நாங்க இருக்கோம்ல!" என்று சத்தம் போட்டாள்.

முடிந்ததும், "கழுவி விடு" என்றாள்.

நாங்கள் திரும்பும்போது அந்தப் பந்தி முடிந்திருந்தது. அடுத்ததில் பிரியாணி தீர்ந்து, வெறுஞ்சோறும் பருப்புத் தாளிச்சாவும்தான். எங்கள் இலையைப் பார்த்து அக்கா பதறிப்போய், "அய்யய்யோ, எங்கடா போயிட்டீக ரெண்டு பேரும்?" என்றது.

சுமையா தாளிச்சாவை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினாள்.