தோடை இலையில் எழுதிக் கிடக்கிறது

சாய்ந்தமருது
மார்ச் 1984

அன்பு மகன் காலிதீனுக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். றியாத் வெயிலில் உன்னை அல்லாஹ் சுகமாக வைத்திருக்க வேண்டும். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், மனம் வரவில்லை. உன் உம்மாவின் கழுத்துக் கட்டி தேசிக்காய் அளவாகிவிட்டது. தாமதித்தால் மூச்சை அடைத்துவிடும், உடனே வெட்டி எடுக்க வேண்டும் என்கிறார் டாக்குத்தர். அவள் மாட்டேன் என்கிறாள். காரணம் நீ நட்ட தோடை மரம். மழை விட்டுத் தளிர்த்தபோது இலைகளில் வளைந்து வளைந்து வெள்ளைக் கோடுகள் விழுந்தன. பக்கத்து வளவு உம்மு பார்த்துவிட்டு, அல்லாஹ்ட பேரல்லவா எழுதிக் கிடக்கு என்று சொல்லிவிட்டாள். அன்று தொடக்கம், பீங்கான் தட்டில் குர்ஆன் வசனத்தை ஓதி எழுதிக் கரைத்துக் குடிப்பதைப் போல, உன் உம்மா விடிந்ததும் ஓர் இலையைக் கழுவி அந்தத் தண்ணீரைக் குடிக்கிறாள். கட்டி கரையுதாம்.

மகன், அது எழுத்தில்லை. நான் மரத்தடியில் நின்று பார்த்தேன். கண்ணுக்கே தெரியாத முட்டையிலிருந்து நூல் போன்ற புழு இலைத் தோலுக்குள் புகுந்து தின்றுகொண்டே போகிறது, அது போன வழிதான் கோடு. வயிறு நிறைந்ததும் இலை விளிம்பை மடித்துக் கூடு கட்டிப் படுக்கிறது. பிறகு நுளம்பிலும் சிறிய வெள்ளைப் பூச்சியாகப் பறந்து அடுத்த தளிரில் முட்டை வைக்கிறது. இலையைக் கிழித்துப் புழுவை அவளிடமே காட்டினேன். மங்கிய கண்ணால் பார்த்துவிட்டு, புழுவக் கொண்டு எழுத வெச்சதும் அவன்தானே என்றாள். மௌலவியைக் கூட்டி வந்தேன், வைத்தியம் பார்க்கிறதும் நபி காட்டிய சுன்னத்துத்தான் என்று அவரும் சொன்னார். ஓம் ஓம் என்று கேட்டவள் மறுநாளும் இலை பறித்தாள். கோடரி எடுத்தேன், மகன் நட்டத வெட்டினா நான் மௌத்தாப் போயிருவன் என்றாள், வைத்துவிட்டேன். படுத்தால் அவளுக்கு மூச்சு இழுக்கிறது, எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

உன் சொல்லைத்தான் கேட்பாள். கடிதம் எழுதாதே, வாசிப்பவன் நான் என்பதால் நானே இட்டுக்கட்டி வாசிப்பதாக நினைப்பாள். உன் குரலில் கசட்டில் கதைத்துப் பதிந்து, அங்கிருந்து ஊருக்கு வரும் ஸமட்டிடம் கொடுத்துவிடு. ஒப்பரேஷனுக்குப் போங்க உம்மா என்று மட்டும் சொல், புழுவைப் பற்றிக் கதைக்காதே. இன்று காலையும் இலையை நீட்டி, எனக்குக் கண் தெரியல்ல, என்ன எழுதிக் கிடக்கு வாசிங்க என்றாள். அல்லாஹ் என்று வாசித்தேன் மகன். உன் குரல் வந்து சேரும்வரை வாசித்துக்கொண்டுதான் இருப்பேன்.

தொழுகையை விடாதே, நேரத்துக்குச் சாப்பிடு. அல்லாஹ் உன்னைக் காப்பானாக. கசட்டை மறந்துவிடாதே.

உன் வாப்பா
மீராமுகைதீன்