மேற்படி

4 மார்ச் 2025, செவ்வாய்
வெயில். கம்பெனி. பஸ்ஸில் நின்றுகொண்டே வடமதுரை வரை.

மார்ச் 5
மேற்படி.

மார்ச் 7
இன்று வாயைத் திறந்துவிட்டேன். நோயாளிகளுக்குச் செருக நாங்கள் செய்யும் சிறுநீர்க் குழாயை வாங்கப்போகும் புதுக் கம்பெனி, மறுபடி முயல் சோதனை கேட்கிறது. போன வருடம் சோதனைக்கூடத்துக்குச் சாம்பிள் கொண்டுபோனது நான்தான். குழாய்த் துண்டை முயலின் தசைக்குள் வைத்துத் தைத்து, நாலு வாரம் கழித்து முயலைக் கொன்று பார்ப்பார்கள். மூன்று முயல். அதில் ஒன்று கூண்டுக்கம்பி வழியாக என் துப்பட்டாவைக் கடித்து இழுத்தது.

“அதே குழாய், அதே பசை. பழைய ரிப்போர்ட் போதாதா சார்?”

“நீயே கேட்டுப் பாரும்மா” என்றார் மேனேஜர் சிவபிரகாஷ். கேட்டு மெயில் போட்டேன்.

மார்ச் 12
பதில் வந்தது! எதுவும் மாறவில்லை என்று பதிவேட்டில் காட்டினால் போதுமாம். மூன்று முயல் பிழைத்தது. குழாய் ஒட்டும் ஹாஃபிஸாவுக்கு மிக்சர் வாங்கிக் கொடுத்தேன். “என்னக்கா, விசேஷமா?” என்றாள்.

மார்ச் 14
பசைப் பதிவேட்டை எழுதுவது நான். சோதனைக்குச் சாம்பிள் கொடுத்த போன ஜூனில் மட்டும் பசையின் பெயரும் எண்ணும் முழுதாக இருக்கிறது. அதன் கீழே எட்டு மாதம் மேற்படி, மேற்படி. டப்பாவைப் பார்க்காமலே எழுதியிருக்கிறேன்.

ஹாஃபிஸா சொல்கிறாள்: “நடுவுல நீல மூடி டப்பா ஒண்ணு வந்துச்சுல்லக்கா?”

எப்போது? அவளுக்குத் தெரியவில்லை. ரசீதில் ‘பசை’ என்று மட்டும் இருக்கிறது. டப்பாவை எடைக்குப் போட்டாயிற்று.

மார்ச் 15
“ஜூன் நம்பரையே கீழ வரைக்கும் எழுதிரு. அம்புட்டுதான? யாரு பாக்கப் போறா?” என்கிறார் சார்.

பேனாவை எடுத்தேன். எழுதினால் முயல் பிழைக்கும். ஆனா அந்தக் குழாய் ஒரு மனுசன் உடம்புக்குள்ள போகுதே! நீல மூடியில என்ன இருந்துச்சுன்னு எனக்கே தெரியாதே! பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

மார்ச் 17
சோதனை விண்ணப்பம். விலங்குகள்: 3. மறுசோதனைக்குக் காரணம்: ‘என் கவனக்குறைவு’ என்று எழுதினேன். சார் அடித்துவிட்டு ‘பதிவேடு தெளிவில்லை’ என்று மாற்றினார்.

ஏப்ரல் 16
இன்றோ நாளையோ கொன்றுவிடுவார்கள். சாப்பிடவில்லை.

மே 14
ரிப்போர்ட் வந்தது. குழாய் நல்ல குழாய்தான். முதல் முயலுக்கு நேராகப் ‘பாதிப்பு இல்லை’. மற்ற இரண்டுக்கும் நேராக மேற்படிக் குறி.

மே 15
வெயில். கம்பெனி. பஸ்ஸில் நின்றுகொண்டே வடமதுரை வரை.

மே 16
வெயில். கம்பெனி. பஸ்ஸில் நின்றுகொண்டே வடமதுரை வரை.